நனைக்காத கடலில் ஒரு சாவு

ஆலாக்குப்பத்துக்குள் கடல் வந்த அன்று யாரும் ஓடவில்லை, ஏனென்றால் அது சத்தம் போடாமல், அலையடிக்காமல், ஐப்பசி மாதத்து ஒரு காலையில் பெண்கள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றது, நின்றதே தவிர ஒரு துடைப்பக் குச்சியைக்கூட நனைக்கவில்லை. பெருக்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கூரைக்கு மேலே ஓராள் உயரத்துக்குப் பச்சையும் சாம்பலுமாகத் தண்ணீர் நின்றது, அதற்குள்ளேயே அவர்கள் மூச்சு விட்டார்கள், இருமினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று திட்டினார்கள், அடுப்பு எரிந்தது, அடுப்புப் புகை தண்ணீர் வழியாகவே மேலேறிப் போனது. எங்கள் கடல், நாங்கள் தொழில் செய்கிற கடல், எப்போதும்போலக் கிழக்கே தன் இடத்திலேயே நுரைத்துக்கொண்டிருந்தது. இது வேறு கடல். இனிமேல் வரவேண்டிய கடல், முன்னாலேயே வந்துவிட்டது.

வரும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷமே நகரத்திலிருந்து நிரஞ்சனா என்றொரு பெண் ஆட்களோடு வந்தாள். பருவநிலை மாறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. முக்காலி வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, ஊரின் மேற்கு ஓரம் வரைக்கும் மஞ்சள் கம்பங்களை நட்டாள், ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு சிவப்புப் பட்டை அடித்தாள். "இன்னும் அம்பது வருஷத்துல ஒரு பெரிய புயல் வந்தா, கடல் இந்தக் கம்பம் வரைக்கும் வரும், இந்தப் பட்டை உசரத்துக்கு நிக்கும்" என்றாள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தை நடத்துகிற நாட்டார் எத்திராஜு, "அம்பது வருஷமா? அப்போ நானே மண்ணா பூட்டிருப்பேன்மா" என்று சிரித்துவிட்டு, அவள் வண்டி ஏறுவதற்குள் ஒரு கம்பத்தில் தன் ஆட்டைக் கட்டினார். மற்றக் கம்பங்களில் நாங்கள் வலை காயப்போட்டோம். இப்போது வந்த கடல் அந்தக் கம்பங்களில்தான் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது, அந்தச் சிவப்புப் பட்டையைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

கடல் வீட்டுக்குள் வந்தால் மனிதன் என்ன செய்வான்? கொஞ்ச நாள் வாயைப் பிளந்து பார்ப்பான், அப்புறம் கொடியில் துணி காயப்போடுவான். நாங்களும் அதைத்தான் செய்தோம். அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஒரு கல்யாணம் நடந்தது, பந்தியில் சாம்பார் வாளிக்கும் இலைக்கும் நடுவே சொறி, அதுதான் ஜெல்லி மீன், மிதந்து போனது, யாரும் கையை எடுக்கவில்லை. முதல் வாரம் எங்கள் ஆண்கள் எல்லாம் தெருவில் அண்ணாந்து நின்றபடி மீன் தேடினார்கள், வரப்போகிற காலத்தில் என்ன மீன் கிடைக்கும் என்று இலவசமாகவே தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசை. வஞ்சிரம் இல்லை. சங்கரா இல்லை. நெத்திலி ஒரு கூட்டம்கூட இல்லை. தொட்டால் உடம்பெல்லாம் தடிக்கிற சொறி மட்டும் குடை குடையாக மிதந்தது, நடுநடுவே பால் பாக்கெட்டும் அறுந்த செருப்பும். அதைப் பார்த்தபிறகு மீன் தேடுவதை விட்டுவிட்டார்கள், வீட்டில் வந்து காரணமில்லாமல் பெண்டாட்டி பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தார்கள்.

வீடுகளின் கதவுகள்கூட மிதந்தன. நாட்டார் வீட்டுக் கதவு நீலம், அதே சித்திர வேலையோடு மேலே மிதந்து வந்த அதே கதவோ பச்சை. பச்சை என்றாலே அவருக்கு ஆகாது. "என் உசுரு இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுக்குப் பச்சை அடிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொன்னார். கார்த்திகையில் அவர் மருமகன் வேறெங்கோ வேலை முடிந்து மிஞ்சிய பெயிண்ட்டைக் கொண்டுவந்து, மாமனாரைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று கதவுக்கு அடித்துவிட்டான். பச்சை. அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது, தலைக்கு மேலே நிற்பது வேடிக்கை இல்லை, நிஜம் என்று.

அதிகாரிகள் வந்தார்கள். வராமல் இருப்பார்களா? பேரிடர் அலுவலகத்திலிருந்து வந்தவர் ஷூவோடு தண்ணீருக்குள் நடந்து, குனிந்து ஷூவைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் நனையலையே, நனையாததுக்கு நிவாரணம் கிடையாது" என்று போய்விட்டார். மறுவாரம் நில அலுவலகத்திலிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்து, "கடல் நிக்கிற இடத்துல வீட்டுமனைப் பட்டா செல்லாது" என்று போய்விட்டார். ஒரே தண்ணீர், நிவாரணம் கேட்டால் இல்லை, எங்களைக் கிளப்புவதற்கு மட்டும் இருக்கிறது. இந்த இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறவர்கள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தை பிறந்தபிறகு அந்தப் பிணம் வந்தது.

காலை வெயில் தண்ணீர் வழியாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கூரைகளுக்கு மேலே மிதந்து, தெருத் தெருவாக யாரையோ தேடுகிற மாதிரி வந்து, கடைசி மஞ்சள் கம்பத்துக்குப் பக்கத்திலிருக்கும் தேசராணி வீட்டுக்கு நேர் மேலே நின்றுவிட்டது. பெண் பிணம். பாதி நரைத்த தலை அவிழ்ந்து கிடந்தது, அறுபதை நெருங்குகிற வயசு. யார் என்று தெரியாது, ஆனால் ஊருக்குள் ஒரு சாவு, அதனால் நாட்டார் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போய், புறப்படத் தயாராக நின்ற படகுகளையெல்லாம் நிறுத்தினார். எங்கள் வழக்கம் அது. ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரைக்கும் ஒருவனும் தொழிலுக்குப் போகக் கூடாது. செத்தது பணக்காரனாக இருந்தாலும் சரி, கரையில் ஒதுங்கிய முகம் தெரியாத ஆளாக இருந்தாலும் சரி, கடல் அன்றைக்குச் சும்மா கிடக்கவேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் அந்தப் பிணத்தை எடுக்க முடியவில்லை. ஏணி வைத்து ஏறினார்கள், கயிறு போட்டார்கள், கை அந்தத் தண்ணீருக்குள் போவதுபோலவே அவளுக்குள்ளும் போனது. எடுக்க முடியாத பிணத்தை எப்படி அடக்கம் செய்வது? அடக்கம் ஆகாமல் துக்கம் எப்படி முடியும்? படகுகள் மணலிலேயே கிடந்தன. இளவட்டங்கள் நாட்டாரிடம் சண்டைக்குப் போனார்கள், "இன்னா நாட்டாரே, சாவே இன்னும் நடக்கல, அம்பது வருஷம் கழிச்சு சாவப்போறவங்களுக்கு இன்னிக்கே தொழில நிறுத்துவியா?" என்று கேட்டார்கள். அவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிணத்துக்கு நேர் கீழே நிறுத்தினார். "இத்தப் பாத்துக்கினே போட்டைத் தள்ற தெம்பு எவனுக்குக் கீது? கீறவன் போங்கடா." ஒருவனும் போகவில்லை. கடனுக்கு அரிசி வாங்கினோம், கஞ்சியாக்கிக் குடித்தோம்.

அது யார் என்று முதலில் கண்டுபிடித்தவள் தேசராணி. கணவனைப் புயலில் பறிகொடுத்துவிட்டு, கூடை தூக்கி மீன் விற்று, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் மோனிஷாவை வளர்க்கிறவள். கூரைமேல் காய்ந்த துணியை எடுக்க ஏணியில் ஏறியவள் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு, போன பொங்கலுக்கு மோனிஷா படகு விளிம்பில் விழுந்து வாங்கிய அதே வெட்டு. காதில் மீன் வடிவத்தில் ஒரு சின்னக் கம்மல். தேசராணி தன் காதைத் தொட்டுப் பார்த்தாள், அதே கம்மல் அவள் காதிலேயே இருந்தது. தன்னைவிட வயசான தன் மகளை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், ஏணியைப் பிடித்திருந்தவர்கள் "இறங்கு மே, இறங்கு மே" என்று கத்தினபிறகுதான் இறங்கினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மகளின் புருவத்தில் ஒரு பெரிய பிளாஸ்திரியை ஒட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். பைத்தியக்காரி, ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாங்களும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் வாசலில் அரிசி வைத்துவிட்டுப் போனோம், குழம்பு வைத்துவிட்டுப் போனோம், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகினோம். கடைசியில் மோனிஷாவே பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டாள். "அரிக்குதும்மா. இன்னாத்துக்கு மறைக்கிற? அது நான்தானே?" என்று கேட்டாள். தேசராணி அழவில்லை. அவள் முகத்தில் அன்று ஏறிய கோபம் அப்புறம் இறங்கவே இல்லை.

இனிமேல் வடக்கே நிற்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு அனல்மின் நிலையம். நிலக்கரியை எரிக்கும், எங்கள் கடலில் கால்வாய் வெட்டித் தண்ணீரை உறிஞ்சும், சுடச்சுடத் திருப்பித் துப்பும், எங்கள் சோற்றில் சாம்பல் தூவும். எங்கள் தெருவில் கரண்ட் போனால் அதன் புகைக்கூண்டு விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் எங்களுக்கு அதனால் உண்டான நன்மை. அதில் இன்னொரு உலை கட்டக் கடன் வாங்கப்போகிறார்கள் என்றும், சட்டப்படி மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்றும், மாசியில் ஷாமியானா போட்டார்கள். கவனமாக மஞ்சள் கம்பத்துக்கு அந்தப் பக்கம், கடல் இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். மேடையில் தாசில்தார், மின் நிலையத்துத் தலைமைப் பொறியாளர், கடன் கொடுக்கும் வங்கிக்கு ஆலோசனை சொல்கிற கோட்டுக்காரர் ஒருவர். ஓரமாக நிரஞ்சனா. வேர்க்க வேர்க்க அந்த மனிதர் கோட்டைக் கழற்றவே இல்லை.

தேசராணி எழுந்தாள். "நீங்க எரிக்கிறதாலதான் இந்தக் கடலு வருதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "உலகம் பூரா எரிக்கிறாங்கம்மா. எங்க ஒருத்தர் பங்கு ரொம்பச் சின்னது."

"என் பொண்ணு சாவுறது உங்க கணக்குல கீதா?"

கோட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இருக்கும்மா. எதிர்காலத்துல வர்ற எல்லா நஷ்டத்தையும் நாங்க கணக்குல சேர்க்கிறோம். ஆனா இன்னைக்கு நடக்கிற நஷ்டமும் அம்பது வருஷம் கழிச்சு நடக்கிறதும் ஒண்ணு இல்ல. வருஷம் தள்ளத் தள்ள அதோட மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வரணும். உலகம் முழுக்க இதுதான் முறை."

"அம்பது வருஷத்துக்கு எவ்ளோ குறையும்?"

"கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம ஆயிடும்."

நிரஞ்சனா எழுந்துவிட்டாள். "அப்படிக் குறைக்கக் கூடாதுன்னு எழுதினேன் சார். இந்தக் கரையில எத்தனை உயிர் போகும்னும் எழுதினேன். யாருமே படிக்கல."

"படிச்சாங்கம்மா" என்றாள் தேசராணி. "நல்லாப் படிச்சாங்க. படிச்சிட்டுத்தான் ஷாமியானாவக் கம்பத்துக்கு அந்தாண்ட போட்டுக்கிறாங்க."

அவள் மேடை ஏறிக் கோட்டுக்காரரின் கையைப் பிடித்தாள். போலீஸ்காரர் நகர்வதற்குள் நாங்கள் வழியை அடைத்தோம். கம்பத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் இழுத்துப் போய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "மோனிஷா. தேசராணி பொண்ணு. இப்போ பாத்து சொல்லு, எவ்ளோ குறையும்?" அவர் ஒரு நொடி பார்த்தார். அப்புறம் குனிந்து தன் ஷூ நனைந்திருக்கிறதா என்று பார்த்தார்.

இவ்வளவு நாள் அடக்கி வைத்தது அப்போதுதான் உடைந்தது. தேசராணி நாட்டாரைப் பார்த்துத் திரும்பினாள். "நாட்டாரே, நம்ம போட்டை மட்டும் நிறுத்திட்டியே, அவங்களும் கடல்லதான தொழில் பண்றாங்க? கடல் தண்ணி இல்லாம அவங்க உலை ஓடுமா? சாவு ஊர்ல விழுந்துக்குது. அவங்களுக்கு மட்டும் துக்கம் கிடையாதா?"

நாட்டார் எத்திராஜு திரும்பித் தன் வீட்டுப் பச்சைக் கதவைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "கடல வச்சிப் பொழைக்கிறவன் எவனா இருந்தாலும், பொணம் எடுக்கிறவரைக்கும் தொழில் கிடையாது. ஊர்க் கட்டு." ஊர்க் கட்டு என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான்.

அப்புறம் நாங்கள் யோசிக்கவில்லை. மணலில் கிடந்த படகுகளையெல்லாம் தள்ளினோம், ஆணும் பெண்ணும் தள்ளினோம், தொழிலுக்காக அல்லாமல் துக்கத்துக்காகத் தள்ளினோம், வடக்கே திருப்பினோம், மின் நிலையத்துக் கால்வாய் வாயில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிறுத்திக் கட்டினோம், வீட்டிலிருந்த வலைகளையெல்லாம், புது வலை, கிழிந்த வலை, தவணை முடியாத வலை, எல்லாவற்றையும் வாரிக் கால்வாய்க்குள் போட்டோம். பம்பு உறிஞ்சியது. வலை போய் அடைத்தது. உள்ளே ஏதோ ஊளையிட்டது, அப்புறம் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் புகைக்கூண்டிலிருந்து புகை வராததை அன்று உச்சிவெயிலில் பார்த்தோம்.

ஊரிலிருந்து மோனிஷா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, தண்ணி எறங்குது! அவங்க எறங்குறாங்க!"

ஓடினோம். எங்களோடு தாசில்தார் ஓடினார், தலைமைப் பொறியாளர் ஓடினார், நிரஞ்சனா ஓடினாள், கோட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். சிவப்புப் பட்டைக்குக் கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கூரையளவு, ஜன்னலளவு. தேசராணி வீட்டு வாசலில் அந்தப் பிணம் கால் கீழே வந்து, தரையில் பாதம் ஊன்றி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. இருமியது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கண்ணைத் திறந்தாள். அந்த வயசான மோனிஷா, எங்கள் மோனிஷா, மூச்சு வாங்கிக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தாள், கடைசியில் தேசராணியைப் பார்த்தாள், அவள் உதடு அசைந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை, அந்த ஒரு சொல்லை யார் வாயிலிருந்தும் படிக்கலாம்.

"வா கண்ணு, வா" என்று தேசராணி இரண்டு கையையும் நீட்டினாள்.

தலைமைப் பொறியாளரின் போன் அடித்தது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். நகரம் முழுக்கக் கரண்ட் போய்விட்டதாம், தொழிற்சாலைகள் நின்றுவிட்டனவாம், கால்வாய் வாய்க்குப் போலீஸ் வந்துவிட்டதாம், வலையை அறுக்கலாமா என்று கேட்கிறார்களாம். அவர் திரும்பிப் பார்த்தார். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பெண் உயிரோடு நிற்பதைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார், நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். கோட்டுக்காரரையும் தாசில்தாரையும் பார்த்தார். அவர்கள் குனிந்துகொண்டார்கள்.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

நிரஞ்சனா அவர் சட்டையைப் பிடித்தாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கால்வாய்க்கு ஓடினார்கள், அவர்கள் போய்ச் சேர்வதற்குள் புகைக்கூண்டு புகைத்தது. தண்ணீர் ஏறியது. வேகமாக ஏறவில்லை, பாவிகளே, மெதுவாக ஏறியது, முகவாய், உதடு, மூக்கு என்று ஏறியது, அவள் நுனிக்காலில் நின்றாள், முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டாள், பிறகு முங்கினாள், பிறகு கை வந்தது, பிறகு கையும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பழைய இடத்தில், கூரைக்கு மேலே, முடி அவிழ்ந்து போய் மிதந்தாள். தேசராணியின் கை நீட்டியபடியே இருந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சின்ன மோனிஷா முகத்தைப் புதைத்திருந்தாள்.

தேசராணி பொறியாளரிடம் நடந்து போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. "காலைல வரிக்கும் என் பொண்ணு கடல்ல செத்தா" என்றாள். "இப்போ நீ கொன்னுட்ட."

அதிகாரிகளும் கோட்டுக்காரரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் அமைதியாக நடந்து முடிந்தது என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது.

நாட்டார் அன்று மாலையே கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். கட்டு இன்னும் அவிழவில்லை என்றார். அறுத்த வலைகளை மறுபடி முடிச்சுப் போட்டுச் சரிசெய்யச் சொன்னார். பெரிய சாவு என்றால் கரையோரத்துக் குப்பங்களுக்கெல்லாம் துக்கம் சொல்லி ஆள் அனுப்புவது எங்கள் வழக்கம், சொன்ன ஊரில் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள், வேலையைப் போட்டுவிட்டுச் சாவுக்கு வருவார்கள். தெற்கே சிலரை அனுப்பினார். வடக்கே சிலரை அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு, "நீ நாலெழுத்துப் படிச்சவன், கடலுக்குத் தூரமா இருக்கிறவங்களுக்கு நீ போய்ச் சொல்லு. அவங்க வீட்லயும் இந்தக் கரண்டுதானே எரியுது" என்றார்.

அதனால்தான் வந்தேன். துக்கம் சொல்ல வந்தவன் உட்காரக் கூடாது, உங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, நின்றபடியே சொல்லவேண்டும். செத்துப்போனவள் பெயர் மோனிஷா. ஆலாக்குப்பம் தேசராணியின் மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எடுக்கவில்லை. படகு இருந்தால் படகோடு கால்வாய்க்கு வாருங்கள், இல்லாவிட்டால் சும்மா கையை வீசிக்கொண்டு வாருங்கள். சாவு சொன்ன வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை.